கொப்பரைச் சந்துக்கு ஒன்பது வோட்டு

மைக்கைக் கொஞ்சம் இறக்குங்கள், ஷானவாஸ். எனக்கு முன்னால் பேசியவர் நல்ல உயரம். மதி, மதி, போதும். அவ்வளவு இறக்கினால் நான் குனிய வேண்டிவரும். இந்தக் கட்சியில் குனிந்து பழகியவர்கள் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறார்கள்.

தேர்தலில் ஒருமுறைகூட நிற்காததால் ஒருமுறைகூடத் தோற்காத பெருமைக்குரிய தலைவர், சுக்கு வணிகச் செம்மல், துறைமுகத் தமிழ் மக்கள் கட்சியின் தூண் ஷௌகத் அலி அவர்களே! நின்று, தோற்று, தோற்ற மறுநாள் விடியற்காலையிலேயே வழக்கம்போல் இட்லி மாவு அரைத்த எங்கள் வேட்பாளர் சுல்ஃபத் இத்தா அவர்களே! மணப்பெண்ணுக்கென்று போட்ட சிவப்புச் சிம்மாசனத்தில் வீற்றிருந்து, "பேச்சு நீளுமா?" என்று கண்ணாலேயே என்னைக் கேட்டுக்கொண்டிருக்கும் சீதாலக்ஷ்மி அக்கா அவர்களே! முன்வரிசையை முன்கூட்டியே பிடித்துக்கொண்ட மூத்தோரே! பின்வரிசையில் பிள்ளைகளைப் பிடித்துக்கொண்டிருக்கும் தாய்மாரே! வைப்பினிலிருந்து படகேறியும், களமசேரியிலிருந்து பஸ் ஏறியும், சாயாவோடு பழம்பொரியும் உண்டு என்ற பேச்சை நம்பி வந்திருக்கும் தோழர்களே! உள்ளே வருவதா வெளியே போவதா என்று இன்னும் முடிவு செய்யாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நடுநிலையாளர்களே! உங்கள் எல்லோருக்கும் என் பணிவான, பாசமான, பசியோடு கூடிய மாலை வணக்கம்.

எனக்குப் பின்னால் தங்க எழுத்தில் "ஷாஃபி வெட்ஸ் ஷம்னா" என்று எழுதியிருக்கிறது. நாளைக் காலையில் இங்கே நிக்காஹ். அலங்காரத்தில் கை வைக்கக் கூடாது என்ற ஒரே நிபந்தனையில் மண்டபக்காரர் இந்த மாலையை நமக்கு வாடகையில்லாமல் தந்திருக்கிறார். ஆகவே கூட்டம் முடிந்து யாரும் எனக்கு வாழ்த்துச் சொல்ல வேண்டாம். எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் ஆகிறது. என் கணவர் ரமேஷ்பாபு அவர்கள் அதோ, மூன்றாம் வரிசையில், தூணுக்குப் பின்னால், தூணைவிடச் சற்றே அகலமாக அமர்ந்திருக்கிறார்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: நான் சங்கரி. இன்சூரன்ஸ் சங்கரி. என்னைத் தெருவில் கண்டால் மறு ஓரம் மாறி நடப்பவர்கள் பலர் இந்த அவையில் இருப்பதைப் பார்க்கிறேன். பயப்பட வேண்டாம். இன்று பாலிசி இல்லை. இன்று உங்களிடம் கேட்கப்போவது இரண்டே இரண்டு. ஒன்று நிதி. மற்றொன்று வோட்டு.

எதற்காகக் கூடியிருக்கிறோம் நாம்? எதற்காக? நம் மட்டாஞ்சேரி வார்டில் இடைத்தேர்தல் வருகிறது. ஏன் வருகிறது? நம்மை வென்ற பெருமகன் கனடாவுக்குப் போய்விட்டார். மகள் அங்கே இருக்கிறாள். பேரன் பிறந்தான். பார்க்கப் போனார். பனி பிடித்துப்போயிற்று. ராஜிநாமாவை ஈமெயிலில் அனுப்பிவிட்டார். நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஐந்தாண்டுகள் நம்மைக் கவனிப்பதாகச் சொன்னார். அதைக் கனடாவில் இருந்து செய்திருந்தாலும் நமக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

போன தேர்தலை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். சின்னம் கேட்டோம். படகு வேண்டும் என்றோம். இஸ்திரிப் பெட்டி கொடுத்தார்கள். சரி, எரிகிற பெட்டி, எழுச்சியின் பெட்டி என்று ஏற்றுக்கொண்டோம். ஆட்டோவின் தலையில் ஆளுயர இஸ்திரிப் பெட்டியைக் கட்டி அங்காடி அங்காடியாக, அடுக்களை அடுக்களையாகச் சுற்றினோம். இரண்டு வீட்டில் வேட்டி கொண்டுவந்து கொடுத்தார்கள். வாங்கி, தேய்த்து, மடித்துத் திருப்பிக் கொடுத்தோம். கட்சிக்குக் கெட்ட பெயர் வரக் கூடாதல்லவா?

அடடா, கடைசி நாள் ஊர்வலம்! முன்னே செண்டை முழங்க, பின்னே நாகஸ்வரம் பொங்க, நடுவே சுல்ஃபத் இத்தா நாணி நாணி நடக்க, வைப்பின் வந்தது, களமசேரி வந்தது, பாலக்காட்டிலிருந்து ஒரு வேன் வந்தது. தெரு கொள்ளவில்லை. எதிர்க்கட்சிக்காரர்கள் அன்று இரவு அவசரக் கூட்டம் போட்டார்கள் என்று கேள்வி. எண்ணும் நாள் வந்தது. எந்திரத்தைத் திறந்தார்கள். இருபத்தேழு.

பின்னால் யாரோ சிரிக்கிறார். சிரியுங்கள், சிரியுங்கள். செண்டைக்காரர்களே முப்பது பேர். அன்றைக்குச் சுல்ஃபத் இத்தாவும் சிரித்தார். "மாவு வாங்க என் கடைக்கு தெனம் அறுபது பேரு வர்றாங்க சங்கரி. அதுல பாதிப் பேராச்சும் போட்டிருந்தா டெபாசிட்டைப் பாதியாவது மீட்டிருக்கலாமே" என்றார். டெபாசிட்டைப் பாதியாகத் திருப்பித் தர மாட்டார்கள் இத்தா என்று அப்போது நான் சொல்லவில்லை. ஆறுதல் சொல்ல வேண்டிய நேரம் அது.

சரி, நிதிக்கு வருகிறேன்.

இன்றைய கொச்சியில் நிதி திரட்ட ஒரே ஒரு வழிதான் உண்டு. ஆஸ்பத்திரிச் செலவா? பிரியாணி சேலஞ்ச். பள்ளிக்கூடத்துக்குக் கூரையா? பிரியாணி சேலஞ்ச். கிளப்புக்குக் கால்பந்தா? பிரியாணி சேலஞ்ச். பொட்டலத்துக்கு முன்கூட்டியே காசு வாங்கிக்கொள்வது, ஞாயிற்றுக்கிழமை நடுப்பகலில் சுடச்சுட வீட்டு வாசலில் கொண்டு கொடுப்பது. இதில் யார் யாரைச் சேலஞ்ச் செய்கிறார்கள் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் காசு சேர்கிறது. ஆகவே நாமும் செய்கிறோம். வருகிற ஞாயிறு.

முடிவு சுலபமாக வந்துவிட்டதாக நினைக்காதீர்கள். செயற்குழு கூடியது. என்ன அரிசி என்ற கேள்வி எழுந்தது. கைமாவா, சீரகச் சம்பாவா? கொச்சியில் பிரியாணி என்றால் கைமா அரிசிதான் என்றது ஒரு தரப்பு. சீரகச் சம்பாவைக் கைவிட்டால் பிறகு தமிழ்க் கட்சி என்று சொல்லிக்கொள்ள நம்மிடம் மிச்சம் என்ன இருக்கிறது என்று மேசையைத் தட்டியது மறு தரப்பு. இரண்டு கூட்டம். ஒரு வெளிநடப்பு. வெளிநடப்புச் செய்தவர் முக்கில் ஒரு சாயா குடித்துவிட்டுத் திரும்பி வந்து அதே நாற்காலியில் உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. தலைவர் ஷௌகத் இக்கா இரண்டு அரிசியையும் கலக்கலாமா என்று கேட்டார். அன்றைக்குத்தான் கட்சி உடையும் நிலைக்கு வந்தது.

கடைசியில் சுல்ஃபத் இத்தா எழுந்தார். "தின்னப் போறவங்க எங்க இருக்காங்க?" என்றார். மட்டாஞ்சேரியில். "அப்ப மட்டாஞ்சேரிக்காரங்க வாய்க்குப் பிடிச்சதை வையுங்க." முடிந்தது. கைமா. அந்தக் கேள்வியைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கே இருக்கிறார்கள்? பிறகு அதற்கு நான் திரும்பி வருவேன்.

சைவ வீடுகளுக்குப் பாலடைப் பாயசம். தனிப் பாத்திரம், தனி ஆட்டோ. தோழமைக்காக இரண்டு ஆட்டோவும் ஒன்றன்பின் ஒன்றாகப் போகலாம். கரண்டி மட்டும் மாறக் கூடாது. பொட்டலம் கொண்டுபோகும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். காசு வந்தாயிற்று, பொட்டலம் போயிற்று என்று திரும்பிவிடாதீர்கள். நின்று, ஒரு கேள்வி கேளுங்கள். "உங்க வோட்டு எங்க இருக்கு?" சூடான பிரியாணியைக் கையில் வாங்கிய மனிதன் பொய் சொல்வதில்லை. இதை நான் இன்சூரன்ஸ் தொழிலில் இருந்து சொல்கிறேன். வோட்டு இங்கே இல்லை என்றால், அங்கேயே, வாசலிலேயே, மொபைலை எடுத்து விண்ணப்பம் போட்டுக் கொடுங்கள். மாதக் கடைசிவரைதான் அவகாசம்.

"எல்லாரும் இங்க வோட்டு உள்ளவங்கதானே?" என்று யாரோ கேட்கிறார். யாரது? வைப்பின்காரரா? அப்படியென்றால் உங்களுக்குத் தெரிய நியாயமில்லை. சொல்கிறேன்.

கொப்பரைச் சந்து. மட்டாஞ்சேரியில் தமிழ் பேசுகிறவர்கள் அதிகம் அடைந்து கிடக்கும் சந்து. நானும் அங்கேதான் குடியிருக்கிறேன். பள்ளத்தில் இருக்கிற சந்து. பௌர்ணமி, அமாவாசையை ஒட்டிக் கடல் ஏறும்போது, நாம் வேலியேற்றம் என்று சொல்வோமே, ஓடைவழியே தண்ணீர் பின்னோக்கி வந்து சந்துக்குள் நின்றுகொள்ளும். முழங்கால் அளவு. கறுப்பாக. அதில் கடலும் உண்டு, கழிவும் உண்டு, காலம் நன்றாயிருந்தால் மீனும் உண்டு. போன வருஷம் எங்கள் வீட்டு வாசற்படியில் ரமேஷ்பாபு ஒரு கரிமீன் பிடித்தார். நாங்கள் அதைத் தின்னவில்லை.

அந்தச் சந்தின் உள்கோடியில், கடைசி வீடு, சீதாலக்ஷ்மி அக்காவின் வீடு. எர்ணாகுளத்தில் வக்கீல் ஆபீசில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற கையோடு இரண்டு சிறுநீரகங்களும் ஓய்வு பெற்றுவிட்டன. வாரம் மூன்று நாள் எர்ணாகுளத்துக்குப் போய் டயாலிசிஸ் செய்துகொள்ள வேண்டும். ஒருநாள் தவறினால் கால் வீங்கும், மூச்சு முட்டும். இரண்டாம் நாளும் தவறினால்...

"சொல்லு, சொல்லு" என்று அக்கா கை காட்டுகிறார். இல்லை அக்கா. எனக்குச் சொல்ல வரவில்லை. விட்டுவிடுகிறேன்.

சந்தில் தண்ணீர் நின்றால் ஆட்டோ வராது. ஆம்புலன்ஸ் வராது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அக்காவை உட்காரவைத்து, நான்கு பேர் நான்கு பக்கமும் பிடித்துத் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்கு நடப்பார்கள். ஊசி குத்துகிற கை இருக்கிறதே, அந்த இடது கையில் அழுக்குத் தண்ணீர் தெறித்துவிடக் கூடாது. அதனால் சந்து முடியும்வரை அக்கா அந்தக் கையை உயர்த்தியே பிடித்திருப்பார். தூரத்தில் நின்று பார்ப்பவர்களுக்கு ஏதோ வெற்றி ஊர்வலம் என்று தோன்றும். போன மாதம் ஒருவருக்குக் கால் வழுக்கி நாற்காலி சாய்ந்தது. அக்கா விழவில்லை. ஒரு செருப்பு மட்டும் போயிற்று. அன்று சாயங்காலம்வரை அந்தச் செருப்பைத் தண்ணீரில் தேடிக்கொண்டிருந்தேன். நான் தூக்கியவள்கூட இல்லை, பார்த்தவள்.

நாம் என்ன கேட்டோம்? மெட்ரோ கேட்டோமா? மேம்பாலம் கேட்டோமா? ஓடை வாயில் இரும்பில் ஒரு ஷட்டர். சந்தைக் கொஞ்சம் உயர்த்தி கான்கிரீட். கேட்டது இவ்வளவுதான். அந்தக் கனடாக்காரரிடம், அவர் கனடாக்காரர் ஆவதற்கு முன்பே, நானும் சுல்ஃபத் இத்தாவும் போனோம். நல்ல மனிதர். சாயா கொடுத்தார். பிஸ்கட் கொடுத்தார். பொறுமையாகக் கேட்டார். பிறகு மொபைலை எடுத்து எதையோ பார்த்துவிட்டு, வருத்தமாகவே சொன்னார்: "சேச்சி, உங்க இடவழியில ஆகெ ஒன்பது வோட்டுதானே உண்டு."

ஒன்பது!

நாற்பது வீடுள்ள சந்து, தோழர்களே. ஒரு வீட்டுக்கு மூன்று பேர் என்று வைத்தாலும் நூற்றிருபது. நூற்றிருபது எங்கே, ஒன்பது எங்கே? அடுத்த தெருவுக்கு ஷட்டர் வந்தது. கான்கிரீட் வந்தது. சோலார் விளக்கு வந்தது. யாரும் கேட்காமலேயே சிமெண்ட் பெஞ்சு ஒன்று வந்தது. நமக்கும் வராமல் இல்லை. ஒன்பது வோட்டுக்கு உரியது ஒழுங்காக வந்தது. ஓணத்துக்கும், பெருநாளுக்கும், தீபாவளிக்கும் வாட்ஸ்அப்பில் வாழ்த்து வந்தது.

மீதிப் பேர் எங்கே போனார்கள்? மாயமாய் மறைந்தார்களா? மலையேறிப் போனார்களா? இல்லை. ஆள் இங்கேதான் இருக்கிறார். வோட்டு ஊரில் இருக்கிறது.

ஊர்! அந்த ஒரு சொல்லைச் சொல்லும்போது நம் ஆட்கள் முகத்தில் வருகிற களையைப் பாருங்கள். பிறந்தது மட்டாஞ்சேரி. படித்தது மட்டாஞ்சேரி. கடை மட்டாஞ்சேரி, கடன் மட்டாஞ்சேரி, மூட்டுவலியும் மட்டாஞ்சேரி. வோட்டு மட்டும் ஊரில்! கேட்டால், "எடுத்தா வீட்டுப் பங்கு போயிரும்" என்பார்கள். "ஜமாஅத்தில பேரு போயிரும்" என்பார்கள். "கோயில் வரியில இருந்து தள்ளிருவாங்க" என்பார்கள். வோட்டுக்கும் பங்குக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை என்று வக்கீல் ஆபீசில் இருந்த அக்கா ஆயிரம் முறை சொல்லியாயிற்று. காதில் விழுந்தால்தானே?

அதோ, கேசவ் அவர்கள். ஏற்றுமதிக் கம்பெனியில் கணக்கு பார்ப்பவர். கொச்சியிலேயே வளர்ந்தவர், மலையாளம் படிப்பார், தமிழ் எழுத்துத் தெரியாது. தேர்தல்தோறும் ராஜபாளையத்துக்கு ரயிலேறிப் போய், வேட்பாளர் பெயரைப் படிக்கத் தெரியாமல், படத்தைப் பார்த்து ஒரு பொத்தானை அழுத்திவிட்டு வருகிறார். போன தடவை யாருக்குப் போட்டீர்கள் என்று கேட்டேன். "நல்லொரு மீசைக்காரர்" என்றார். ஜனநாயகம் வாழ்க.

அவரை மட்டும் சொல்வானேன்? நம் தலைவர் ஷௌகத் இக்கா தேர்தல் மாதம் முழுக்கக் கைகூப்பிக் கைகூப்பி வோட்டுக் கேட்டார். தோள்பட்டை வீங்கியது. எண்ணெய் தேய்த்துவிட்டு மறுபடியும் கைகூப்பினார். அவருடைய வோட்டு தென்காசிப் பக்கம். முறைக்காதீர்கள் இக்கா. இதை நான் உங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலும் சொல்லியிருக்கிறேன், உங்கள் கறியைத் தின்றுகொண்டே சொல்லியிருக்கிறேன்.

இப்போது வோட்டெடுப்பு நாளுக்கு வருகிறேன். அந்த ஒன்பது வோட்டில் ஒன்று என்னுடையது, ஒன்று சீதாலக்ஷ்மி அக்காவுடையது. அன்றைக்கும் வேலியேற்றம். அக்காவை நாற்காலியில் வைத்துத் தூக்கினார்கள். தூக்கியவர்கள் நால்வர்: முன்னே தலைவர் ஷௌகத் அலி, ஆட்டோ ஓட்டும் ஷானவாஸ், பின்னே கேசவ், என் கணவர் ரமேஷ்பாபு. நால்வர் சட்டையிலும் இஸ்திரிப் பெட்டி. நால்வர் கால்களும் சேற்றில். என்ன பக்தி, என்ன பாசம், என்ன பாடு! பள்ளிக்கூட வாசலில் நாற்காலியை இறக்கினார்கள். அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார், குத்தினார், வெளியே வந்தார். விரலில் மை. நாற்காலியில் உட்கார்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு, அந்த விரலை நீட்டிச் சொன்னார்: "நான் போட்டாச்சு. நீங்க போய்ட்டு வாங்கோ, நான் இங்கேயே இருக்கேன்."

ஒருவரும் அசையவில்லை.

"என்னடா, வரிசை பெரிசா இருக்கா?"

கேசவ் வானத்தைப் பார்த்தார். ஷானவாஸ் செருப்பைப் பார்த்தார். என் கணவர்தான் வாயைத் திறந்தார். திறந்திருக்க வேண்டாம். "எங்களுக்கெல்லாம் ஊர்ல இருக்குக்கா" என்றார்.

அக்கா ஒவ்வொருவர் விரலாகப் பார்த்தார். சுத்தமான விரல்கள். சேறு உண்டு, மை இல்லை. பிறகு ஒன்றே ஒன்று கேட்டார்: "என்னைத் தூக்கறதுக்கு ஊர்லேர்ந்து ஆள் வருமாடா?"

நால்வரும் குனிந்து நாற்காலியைத் தூக்கினார்கள். இன்றைக்கு இந்த மண்டபத்தில் யாருக்காவது அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் எழுந்து சொல்லலாம். நான் காத்திருக்கிறேன். இல்லையா? சரி.

என் அன்பிற்குரியவர்களே! எது ஊர்? பெயர் எழுதிய கல் கிடக்கும் இடமா ஊர்? திருவிழாவுக்கு இரண்டு நாள் போய்த் தங்கித் திரும்பும் இடமா ஊர்? நமக்கு மூச்சு முட்டினால் எந்தத் தெருவில் கதவு திறக்கிறதோ, எந்தத் தெருவில் விளக்கு எரிகிறதோ, எந்தத் தெருவில் செருப்பைக்கூடப் போடாமல் ஓடி வருகிறார்களோ, அது ஊர்! நம் தண்ணீரில் நிற்பவன் நம் ஊர்க்காரன்! நம் நாற்காலியைத் தூக்குபவன் நம் ஊர்க்காரன்! அவனுக்கு இங்கே கை இருக்கிறது, கால் இருக்கிறது, வாய் இருக்கிறது. வோட்டு மட்டும் ஏன் இல்லை? சுல்ஃபத் இத்தா அரிசிக்குக் கேட்டதை நான் ஆளுக்குக் கேட்கிறேன். எங்கே இருக்கிறீர்கள்? நீங்கள் எல்லோரும் எங்கே இருக்கிறீர்கள்?

கைதட்டாதீர்கள். தயவுசெய்து தட்டாதீர்கள். போன தேர்தலில் தட்டிய கைகளின் எண்ணிக்கை எனக்குத் தெரியும்.

கடைசிக்கு வந்துவிட்டேன். இன்று பௌர்ணமி. ஷானவாஸ் இப்போதுதான் சந்துவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தாயிற்று; நாம் சாயா குடித்து முடிப்பதற்குள் முழங்காலுக்கு வந்துவிடும். அக்காவை வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும். வழக்கமாகத் தூக்கும் நால்வரும் இருக்கிறார்களே என்று நிம்மதியாக இருந்தேன். ஆனால் மேடைக்கு ஏறுவதற்கு முன் அக்கா என் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார்: "கேட்டியா சங்கரி, இனிமே என் நாற்காலியைத் தொடறவனுக்கு இங்கே வோட்டு இருக்கணும். இல்லேன்னா, மாத்திக்கறேன்னு எல்லார் முன்னாடியும் எழுந்து சொல்லணும். மத்தவா தொட வேண்டாம். நான் இங்கேயே உக்காந்திருக்கேன்."

அக்கா, விடிந்தால் இங்கே கல்யாணம் என்றேன். "ஆகட்டுமே, பொண்ணுக்கு ஒரு நாற்காலி நான் தந்துடறேன், என்னோட பிளாஸ்டிக் நாற்காலி" என்றார்.

நான் விளையாட்டென்று நினைத்தேன். விளையாட்டில்லை. இரவு மருந்து வீட்டில் இருக்கிறது. உட்கார்ந்தே இருந்தால் கால் வீங்கிவிடும். நாளைக் காலையில் எர்ணாகுளம் போக வேண்டிய நாள். கெஞ்சினேன். கோபப்பட்டேன். அக்கா அந்தச் சிவப்புச் சிம்மாசனத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார். பார்க்கிறீர்கள்தானே?

ஆகவே நான்கு பேர் வேண்டும். மாற்றிக்கொள்கிறவர்கள் எழுந்து நில்லுங்கள்.

ஷானவாஸ் நிற்கிறார். மைக்குக்காக நிற்கிறீர்களா, அக்காவுக்காகவா? அக்காவுக்காக. நன்றி. ஒன்று.

கேசவ் எழுந்திருக்கிறார். உங்களுக்கு ஒரு நல்ல செய்தி, கேசவ். இங்கே பெயரெல்லாம் மலையாளத்தில் இருக்கும், படித்துப் பார்த்துவிட்டே போடலாம். இரண்டு.

ஷௌகத் இக்கா எழுந்துவிட்டார். தண்ணீர் வேண்டுமா இக்கா? இல்லையா? என்ன? சத்தமாகச் சொல்லுங்கள். "நானும் மாத்திக்கிறேன் சங்கரி. நான் ஆரம்பிச்ச கட்சிக்கு நானே இதுவரைக்கும் வோட்டுப் போட்டதில்ல." மதி இக்கா, மீதியைத் தலைமையுரையில் சொல்லுங்கள். இப்போது உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று.

நான்காவது?

மூன்று பேர் தூக்கினால் நாற்காலி சாயும். நான்காவது ஆள் எங்கே? அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்காதீர்கள். எல்லோரும் ஏன் தூணைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது.

என்னங்க?

"அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்" என்கிறார். கேட்டீர்களா? எங்கள் கல்யாணத்தன்று தொடங்கி இன்றுவரை இதே பதில். "வோட்டை எடுத்தா அண்ணன் வருத்தப்படுவாரு." சரி, கேளுங்கள். இங்கே வாருங்கள். போனை எடுங்கள். ஸ்பீக்கரில் போடுங்கள். ஷானவாஸ், மைக்கைப் பக்கத்தில் பிடியுங்கள். தாய்மாரே, பிள்ளைகளைக் கொஞ்சம் அடக்குங்கள். மணி அடிக்கிறது.

...

பின்வரிசைக்குக் கேட்கவில்லையாம். நானே சொல்கிறேன். இவர் கேட்டார், "அண்ணே, என் வோட்டைக் கொச்சிக்கே மாத்திக்கட்டுமா?" அண்ணன் சொன்னார், "ஏலே, இன்னுமா மாத்தாம இருக்க? நான் மக வீட்டோட கோயம்புத்தூரு வந்த அன்னிக்கே இங்கன மாத்திட்டம்லா. ஊர்ல யாருலே இருக்கா? வீடு பூட்டிக் கெடக்கு."

சிரிக்காதீர்கள். கொஞ்சம் பொறுங்கள். அவர் முகத்தைப் பாருங்கள்.

இத்தனை வருஷம் அந்தப் பூட்டிய வீட்டில் என் கணவரின் வோட்டு மட்டும் தன்னந்தனியாகக் குடியிருந்திருக்கிறது. பாவம், அதையும் கூட்டிவந்துவிடுங்கள். நில்லுங்கள், தூணுக்குப் போக வேண்டாம். இங்கேயே, என் பக்கத்தில் நில்லுங்கள். நான்கு.

நான்காவதோடு நிற்கவில்லை. பின்னால் இன்னும் எழுகிறார்கள். அந்தத் தாய் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே எழுகிறார். நாற்காலிக்கு நான்கு பேர் போதும், அம்மா. ஷட்டருக்குத்தான் எல்லோரும் வேண்டும். உட்காராதீர்கள். அப்படியே வாசல் பக்கத்து மேசைக்குப் போங்கள். சுல்ஃபத் இத்தா மொபைலோடு காத்திருக்கிறார். பழம்பொரியும் அந்த மேசையில்தான் இருக்கிறது. விண்ணப்பம் போட்டவர்களுக்கு முதலில்.

இடம் தந்த மண்டபத்தாருக்கு நன்றி. ஒலிபெருக்கிக்கு நன்றி. என் பேச்சுக்கு நடுவே எழுந்து போகாத அனைவருக்கும், எழுந்து போய்த் திரும்பி வந்த நடுநிலையாளர்களுக்கும் நன்றி. ஷாஃபிக்கும் ஷம்னாவுக்கும் எங்கள் கட்சியின் வாழ்த்து: பிள்ளைகளே, நீங்கள் எந்தத் தெருவில் குடித்தனம் வைத்தாலும் வோட்டையும் கூடவே கூட்டிப்போங்கள்.

மெதுவாக, மெதுவாக. பிளாஸ்டிக் நாற்காலிக்குப் பின்பக்கம் இடது கால் கொஞ்சம் ஆடும், பார்த்துப் பிடியுங்கள். அக்கா கையைத் தூக்கிக்கொண்டார். வழிவிடுங்கள் தோழர்களே, அக்கா வீட்டுக்குப் போகிறார். வணக்கம்.